அம்மப்பாவின் தகரப் பெட்டியும் 85,000 ரூபாய்க் கால் ஃபார்திங்கும்

திருகோணமலை உவர்மலையிலிருந்து 41 வயது ஆசிரியர் ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருடைய அம்மப்பா பருத்தித்துறைக்காரர். 1946 இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் களஞ்சியக் கிளார்க்காகச் சேர்ந்தவர், 1957 இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துப் போன பிறகும் ஊர் திரும்பவில்லை. இங்கேயே திருமணம் செய்து, இங்கேயே வீடு கட்டி, 1996 இல் காலமானார். மனைவி அவருக்கு முன்பே போய்விட்டார். மரணசாசனம் எதுவும் எழுதவில்லை. அவர் விட்டுப்போன பிஸ்கட் தகரப் பெட்டியில் 23 செப்புக் காசுகள் இருக்கின்றன: அரை ஃபார்திங்குகள் (ஃபார்திங் என்பது பென்னியின் காற்பங்கு), 1870 ஆம் ஆண்டின் ஐந்து சதங்கள், யானை பொறித்த ஸ்டைவர்கள் (ஒல்லாந்தரிடமிருந்து வந்த பழைய காசு அலகு). அவற்றில் ஒன்று மட்டும் தாளில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. 1815 ஆம் ஆண்டின் இரண்டு ஸ்டைவர். சொக்லட் நிறம், கண்ணாடிபோன்ற தளம். தாளில் அம்மப்பாவின் கையெழுத்தில் “புரூஃப்” என்ற ஒரே சொல்.

இந்தப் பெட்டி ஊட்டிய ஆசையில் ஆசிரியர் தாமும் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறார். ஐந்து மாதங்களுக்கு முன்பு வேறொரு நகரத்து விற்பனையாளரிடம், வட்ஸ்அப்பில் படம் பார்த்து, “1853 கால் ஃபார்திங், அசல் புரூஃப்” ஒன்றை 85,000 ரூபாய்க்கு வாங்கினார். வந்த காசில் சந்தேகம். நகைக்கடைத் தராசில் வைத்தபோது 0.9 கிராம். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்றும் ஓடுகிறது. விற்றவரிடம் கேட்டால், “காசைப் பற்றித் தெரியாதவர்கள் பேசக்கூடாது” என்று பதில்.

இதற்கிடையில் கனடாவிலிருக்கும் தாய்மாமன், “தேசவழமைப்படி முதுசம் ஆண்பிள்ளைக்கு, பெட்டி என்னுடையது” என்கிறார். தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் மரபுவழிச் சட்டம், முதுசம் என்பது பரம்பரைச் சொத்து. கொழும்புத் தரகர் ஒருவர், 1815 காசைத் தந்தால் பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பித் தரச்சான்று பெற்றுத் தருவதாகச் சொல்கிறார். பெட்டியில் இருக்கும் தடித்த காசுகள் இரண்டு அம்மப்பாவுடையவை அல்ல. 2019 இல் வீட்டு வளவில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது கிடைத்தவை. கடைசியாக ஒன்று: தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கிய அம்மா, குத்துவிளக்கோடு சேர்த்து ஆறு காசுகளையும் பழப்புளி போட்டு விளக்கிவிட்டார்.

பணம் திரும்பக் கிடைக்குமா, பெட்டி யாருக்கு, காசை அனுப்பலாமா, பொலிஸுக்குப் போகலாமா, புளி போட்ட காசுகளை மீட்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணத்துக்கு வருமுன் ஒரு சொல்லைச் சரிசெய்துவிடுவோம். “புரூஃப் என்று சொல்லித்தானே விற்றார், அப்படியென்றால் உண்மையானது என்பதற்குச் சான்று இருக்க வேண்டும் அல்லவா?” என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. நீதிமன்றத்தில் நாங்கள் தேடும் சான்றும் காசுக்காரர்கள் பேசும் புரூஃபும் வேறு வேறு. அச்சகத்தில் “புரூஃப் பார்ப்பது” என்கிறோமே, அந்தப் புரூஃபுக்குத்தான் இது உறவு. புதிய அச்சு எப்படி விழுகிறது என்று பார்க்க, மெருகேற்றிய அச்சுக்கட்டையால், மெருகேற்றிய உலோக வில்லையில், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி எடுத்த காசு அது. பின்னாளில் பெரிய மனிதர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் கொடுப்பதற்கென்றே அப்படி அடித்தார்கள். ஆகவே புரூஃப் என்பது காசு செய்யப்பட்ட விதம். அது தரமும் அல்ல, அத்தாட்சியும் அல்ல. தேய்ந்து மழுங்கிய புரூஃபும் உண்டு. புதிய அச்சில் முதலில் விழுந்து பளபளக்கும் சாதாரணக் காசைப் புரூஃப் என்று விற்பவர்களும் உண்டு.

1815 காசின் சொக்லட் நிறத்தைப் பார்த்து ‘கறுத்துப்போன செம்பு’ என்று நினைத்துவிடாதீர்கள். 19 ஆம் நூற்றாண்டின் செப்புப் புரூஃப்கள் பலவற்றுக்கு நாணயச் சாலையிலேயே வெண்கலச் சாயலில் தவிட்டு நிறம் ஏற்றுவது வழக்கம். அம்மா அந்தத் தாளைப் பிரிக்காமல் விட்டது உங்கள் குடும்பத்தின் நல்ல காலம்.

கால் ஃபார்திங்: பணம் திரும்புமா?

கால் ஃபார்திங் இங்கிலாந்துக்காக அடித்த காசு அல்ல. நம் இலங்கைக்காக லண்டனில் அடித்தது. ஒரு பென்னியின் பதினாறில் ஒரு பங்கு. 1839, 1851, 1852, 1853 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. எடை ஏறக்குறைய 1.2 கிராம், விட்டம் 13.5 மில்லிமீற்றர், சட்டைப் பொத்தானளவு. இவ்வளவு சின்னக் காசில் 0.3 கிராம் குறைவது என்றால் நாலில் ஒரு பங்கு குறைகிறது. புரூஃப் காசு பொதுவாகப் புழக்கத்துக்குப் போவதில்லை, அதனால் இவ்வளவு தேய்வது அரிது. விளிம்பில் ஓடும் கோடு, இரண்டு பாதி அச்சுகளைச் சேர்த்து உலோகத்தை உருக்கி ஊற்றிய வார்ப்பின் தடம். நான் காசு நிபுணன் அல்ல, ஆனால் உங்கள் சந்தேகம் வலுவானது என்று சொல்ல இவ்வளவு போதும்.

1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விவரணை சொல்லி விற்ற பொருள் அந்த விவரணைக்குப் பொருந்தியாக வேண்டும். “1853”, “அசல்”, “புரூஃப்” ஆகிய மூன்று சொற்களும் விற்பனையாளரே தட்டச்சு செய்தவை. வட்ஸ்அப் செய்தி செல்லாது என்று அவர் சொன்னால் பயப்படாதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அத்தகைய செய்திகளை ஏற்கிறது. ஆனால் படம் பிடித்த திரைகள் மட்டும் போதாது. முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து சேமியுங்கள், வங்கியில் செலுத்திய சீட்டை வைத்திருங்கள், அந்தக் கைப்பேசியை இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

உங்கள் வழக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. பொருள் கைக்கு வந்தபின், நியாயமான காலத்துக்குள் ‘இதை ஏற்கவில்லை’ என்று சொல்லாமல் வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். அப்போது காசைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமை போய், நட்டஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். நீங்கள் இரண்டாவது வாரமே எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் எழுதியது “கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது சேர்” என்றுதான். சந்தேகம் வேறு, நிராகரிப்பு வேறு. இந்த வாரமே ஒரு சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள்: காசை நிராகரிக்கிறேன், திருப்பித் தரத் தயார், இத்தனை நாட்களுக்குள் 85,000 ரூபாய் வேண்டும். பணம் வருமுன் காசை அனுப்பிவிட வேண்டாம். தராசின் மீது இருக்கும் நிலையில் ஒரு படம், விளிம்பு தெரிய ஒரு படம் எடுத்து, காசை உறையிலிட்டு ஒட்டி, உறையின் மீது திகதி எழுதி வையுங்கள்.

அவர் மசியாவிட்டால் முதலில் மத்தியஸ்த சபை. இந்த அளவு தொகைக்கு அந்தப் படியைத் தாண்டி நேராக நீதிமன்றம் போவது கடினம். போனாலும் வழக்குச் செலவு காசின் விலையைத் தின்றுவிடும். எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் என்று கொண்டால் வழக்கிட மூன்று ஆண்டுகள் இருக்கின்றன, தீங்கியல் (ஒப்பந்தத்துக்கு வெளியே இழைத்த தவறு) அடிப்படையில் என்றால் இரண்டுதான். காலம் இருக்கிறதே என்று ஆற அமர இருக்காதீர்கள்.

பொலிஸ் முறைப்பாடு? வஞ்சித்தல் குற்றமாவதற்கு, விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். அவரும் யாரிடமோ ஏமாந்து வாங்கி, நம்பித்தான் விற்றிருக்கலாம். இதே ஆள் வேறு பலருக்கும் இப்படி விற்றது தெரியவந்தால் கதை மாறும். அதுவரை முறைப்பாட்டை மிரட்டலாகப் பயன்படுத்தாதீர்கள். முகநூலில் அவருடைய படத்தைப் போட்டு “கள்ளன்” என்று எழுதப் போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். குற்றவியல் அவதூறு 2002 இல் நம் நாட்டில் நீக்கப்பட்டுவிட்டது உண்மைதான், குடியியல் வழக்கு நீங்கவில்லை. 85,000 ரூபாயை இழந்தவர் அதற்கு மேலும் கொடுத்துவிட்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மாமனும் முதுசமும்

மாமன் சொல்வதில் மூன்று பிழைகள் இருக்கின்றன. உங்கள் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது.

தேசவழமை தமிழர் எல்லோருக்கும் உரிய சட்டம் அல்ல. அது யாழ்ப்பாணத்து வதிவுடைய தமிழரை ஆள்வது. அம்மப்பா பருத்தித்துறையில் பிறந்தார் என்பதால் மட்டும் அது ஐம்பது ஆண்டுகள் அவர் பின்னால் திருகோணமலைக்கு வந்துகொண்டிருக்காது. அவர் அந்த வதிவைக் கைவிட்டு இங்கே நிரந்தரமாகக் குடியேறினாரா என்பது சாட்சியத்தால் தீர வேண்டிய கேள்வி. வீடு, வாக்காளர் பதிவு, பிள்ளைகளின் படிப்பு, இறுதிக்கிரியை எல்லாமே இங்கே என்று எழுதுகிறீர்கள். அப்படியானால் பொதுச் சட்டந்தான் பொருந்தும் என்ற வாதம் வலுவானது. அந்தச் சட்டத்தில் மனைவியும் இல்லாத நிலையில் பிள்ளைகள் இருவருக்கும் சரி பாதி.

இரண்டாவது, தேசவழமையே பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும் ‘முதுசம் ஆணுக்கு, சீதனம் பெண்ணுக்கு’ என்ற பழைய பங்கீடு 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு மாறிவிட்டது. மகள் என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் அம்மாவை ஒதுக்க முடியாது. அவருக்குச் சீதன உறுதி எழுதப்பட்டிருந்தால் மட்டும் அதன் பிரதியைத் தேடி எடுத்து உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அதிலுள்ள வாசகம் வாதத்தின் போக்கை மாற்றக்கூடும். மூன்றாவது, முதுசம் என்பது பெற்றாரிடமிருந்து வழிவழியாக வந்தது. அம்மப்பா கடற்படைக்காரரிடம் சிகரெட் கொடுத்து வாங்கிய காசு, நீங்களே எழுதியிருப்பதுபோல, அவருடைய சொந்தத் தேட்டம்.

இனி உங்கள் பிழை. “பெட்டி எனக்குரியது” என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா உயிரோடிருக்க, அம்மப்பாவின் சொத்தில் பேரனுக்கு வாரிசுரிமை கிடையாது. உங்களுக்கு இருக்கும் ஒரே வழி, பத்து வயதில் அம்மப்பா பெட்டியை உங்கள் கையில் தந்து “இது உனக்கு” என்றார் என்ற அந்த மாலை. கையில் ஒப்படைத்த நன்கொடை என்று வாதிடலாம். ஆனால் சாட்சி அம்மா ஒருவர்தான். அவரே பாதிக்கு உரித்தாளி. பெட்டி அதற்குப் பிறகும் அம்மப்பாவின் அலுமாரியில்தான் இருந்தது என்றும் எழுதிவிட்டீர்கள். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி அந்த அலுமாரியை விடமாட்டார்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வழக்கைப் பற்றி யோசிக்கவே மாட்டேன். ஒவ்வொரு காசையும் இருபுறமும் படமெடுத்து, எண்ணிட்டு, எடை எழுதி, அந்தப் பட்டியலை மாமனுக்கு அனுப்புவேன். அவருக்கு வேண்டியது காசா, அப்பாவின் கையெழுத்துள்ள அந்தத் தாளா என்று கேட்பேன். வெளிநாட்டில் முப்பது ஆண்டு கழித்தவருக்குச் சில வேளைகளில் தாள்தான் பெரிது. எந்த முடிவானாலும் எழுத்தில் வரட்டும், மூவரும் ஒப்பமிடட்டும். அதுவரை பெட்டியிலிருந்து ஒரு காசைக்கூட விற்காதீர்கள். பாதி உங்கள் மாமனுடையதாக இருக்கலாம்.

வாழ்த்து அட்டையும் வளவில் கிடைத்த காசும்

தரகருடைய யோசனைக்கு ஒரே சொல்லில் பதில்: கூடாது.

தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. கண்டி உடன்படிக்கை ஒப்பமிடப்பட்ட நாள் அது. உங்கள் காசிலோ 1815 என்று இருக்கிறது, மாதம் இல்லை! சட்டம் படித்தவனுக்கு இதைவிடச் சுவையான காசு வேறு கிடையாது. பெப்ரவரியில் அடித்ததா, ஓகஸ்டில் அடித்ததா என்று யார் சொல்வது? நீங்களும் நானும் அல்ல, தரகரும் அல்ல. தொல்பொருள் திணைக்களத்திடம் எழுதிக் கேளுங்கள். அந்தத் திகதியைக் கடந்து வந்தாலும், 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டம் அடுத்த வாசலில் நிற்கிறது. பண்பாட்டு ஆதனத்தை நாட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் காசு அந்த வட்டத்துக்குள் வரும் என்று எண்ணிக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு. வாழ்த்து அட்டைக்குள் ஒளித்த காசு சுங்கத்தில் சிக்கினால், அனுப்பியவர் பெயர் உங்களுடையது. சிக்காமல் போய்ச் சேர்ந்தாலும், திரும்பி வராவிட்டால் எந்தப் பொலிஸ் நிலையத்தில் போய் என்னவென்று முறையிடுவீர்கள்? பற்றுச்சீட்டுக்கூடத் தரமாட்டேன் என்கிறாராமே.

தரச்சான்று நல்லதுதான். அமெரிக்க நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் காசை ஆராய்ந்து பிளாஸ்டிக் உறையில் அடைத்து இலக்கமிட்டுத் தருகின்றன. அந்த உறையையே போலியாகச் செய்பவர்களும் இருப்பதால், இனிமேல் வாங்கும்போது இலக்கத்தை அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்கள். விற்பவரிடம் ‘ரீஸ்ட்ரைக்கா’ என்றும் எழுத்தில் கேளுங்கள். பழைய அச்சுக்கட்டைகளைக் கொண்டு பல ஆண்டுகள் கழித்து அடித்தவை போலி அல்ல, ஆனால் விலை வேறு. இங்கிலாந்தின் சோஹோ நாணயச் சாலை மூடிய பின் அதன் அச்சுகளை வாங்கிய டெய்லர் என்பவர் அப்படி நிறைய அடித்துத் தள்ளினார். இந்திய நாணயச் சாலைகளும் சேகரிப்போருக்காகச் செய்தன.

“பழைய காசு எல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம், தெரிந்தால் பறித்துவிடுவார்கள்” என்ற உங்கள் பயம் பாதிதான் சரி. குடும்பத்தில் கைமாறி வந்த 21 காசுகளை அப்படிப் பறிப்பதில்லை. மண்ணுக்குள் இருந்து எடுத்த தொல்பொருளின் உரிமைதான் அரசுக்குப் போகிறது. அது உங்கள் சொந்த வளவாக இருந்தாலும் அப்படியே. குழாய்க் கிடங்கில் கிடைத்த இரண்டில் ஒன்றில் யானையும் 1803 என்ற ஆண்டும் தெரிகிறது என்கிறீர்கள். றிக்ஸ்டொலர் என்ற அக்கால நாணயத்தின் சிறு பின்னங்களாக 1801 முதல் 1816 வரை இங்கேயே அடித்த தடித்த காசுகளில் ஒன்றாக இருக்கும். அது தொல்பொருளேதான். கிடைத்த உடனே அறிவித்திருக்க வேண்டும். தாமதித்ததை மறைக்க முயலாமல், கிடைத்த இடம், ஆழம், நாள், உடனிருந்தவர்கள் எல்லாவற்றையும் எழுதி, ஒரு சட்டத்தரணியோடு போய்த் திணைக்களத்திடம் கொடுங்கள். முக்கியமாக, “இன்னும் இருக்குமோ” என்று மண்வெட்டியோடு அந்த இடத்துக்குத் திரும்பாதீர்கள். அனுமதியின்றித் தோண்டுவது தனிக் குற்றம்.

புளி

ஆறு காசுகளும் “புதுச் செம்பு போல ரோஸ் நிறத்தில்” இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு வயதில் நானும் ஓர் அரை ஃபார்திங்கைத் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து, வகுப்பில் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டவன். அது இன்றும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. புளிப்பு அரித்த தளம், அறுபது வருடமாகியும் சீராக நிறம் பிடிக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாகச் செம்பின் மேல் படிந்த தோல் அது. உரித்தால் வராது. எண்ணெயில் வறுப்பது, முட்டைக்கருவோடு டப்பாவில் அடைப்பது என்று நீங்கள் கேட்டறிந்த வைத்தியங்கள் எதையும் செய்யாதீர்கள். செயற்கையாக நிறமேற்றிய காசை அசல் நிறம் என்று பின்னாளில் விற்றால், கால் ஃபார்திங் விற்றவர் நின்ற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். விற்கும் நாள் வந்தால் “துலக்கப்பட்டது” என்று எழுதி விற்றுவிடுங்கள். விலை குறையும், அவ்வளவுதான்.

மீதிக் காசுகளை மென்மையான பிவிசி உறைகளிலிருந்து உடனே வெளியே எடுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் அந்தப் பிளாஸ்டிக் இளகிப் பச்சைப் பிசின் விடும். பிவிசி கலக்காத மைலார் பிளாஸ்டிக் உறை, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொதி, இறுக்கமான டப்பா போதும். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். அம்மப்பா எழுதிய தாளைத் தனி உறையில் தட்டையாக வையுங்கள், காசை மறுபடி அதில் மடிக்க வேண்டாம். அம்மாவைக் கோபித்துக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் விளக்கியது குத்துவிளக்குக்குப் பக்கத்தில் கிடந்த செம்பைத்தானே.

செலவு சுமையாக இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுங்கள். கோரிக்கைக் கடிதம் முதலில், திணைக்களம் இரண்டாவது, மாமன் மூன்றாவது. மாமனுக்கு மட்டும் கடிதம் எழுதாமல் தொலைபேசியில் பேசுங்கள், இரவு எட்டு மணிக்குப் பிறகு. அங்கே அப்போது காலையாக இருக்கும்.